பூசை நாளில் வெட்டுப்பட்ட முத்திரை

நேற்று, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தம் பழைய கப்சாயை முடுக்கினார். அந்தச் சிறு மோட்டார் சைக்கிள் மூன்று முறை இருமிவிட்டு நீலப் புகையைக் கக்கியது. கருகிய எண்ணெயின் வாடை சன்னல் வழியே என் மேசைவரை வந்தது. மேசையில் நாளிதழ் விரிந்து கிடந்தது. ஐரோப்பாவில் ஒரு பெரிய கார் பந்தயக் குழுவில் முறைகேடு என்றும், விளம்பரதாரர்கள் விலகுகிறார்கள் என்றும், முதன்மை ஓட்டுநர் எதிரணிக்கு மாறுகிறார் என்றும் அரைப்பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். ஒரே செய்தியில் ஒரே சம்பவத்துக்கு இரண்டு தேதிகள். சிவப்புப் பேனாவால் திருத்தினேன். நீ இருந்திருந்தால், "கிராணி, பேப்பர்காரன் ஒனக்குச் சம்பளமா குடுக்குறான் லா?" என்று கேட்டிருப்பாய்.

தோட்டத்து அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவரைக் கிராணி என்பது நம் வழக்கம். நான் அந்த வேலையை விட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் என்னை அப்படிக் கூப்பிட்டவன் நீ ஒருவன்தான். தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாள், காலை ஆறே காலுக்கு நீ போனாய். இன்றோடு ஏழு மாதமும் நான்கு நாளும் ஆகின்றன. அதன்பின் அந்தச் சொல் என் காதில் விழவில்லை. இந்தப் புக்கிட் காத்தில் தாமான் குடியிருப்பில் நான் அங்கிள், வங்கியில் மலாய் மரியாதைக்கு எஞ்சிக். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறேன், ஆனால் சற்றுத் தாமதமாகத்தான்.

அந்தச் செய்தியின் கடைசி வரி என்னை உட்காரவிடவில்லை. நடந்தது எதுவாயினும் பொறுப்பு தம்முடையதே என்று குழுத் தலைவர் கூறியதாக அதில் இருந்தது. அதே சொற்களை நீ மலாய் மொழியில் சொன்னபோது நான் உன் பக்கத்தில், கையில் கோப்புடன் நின்றுகொண்டிருந்தேன்.

நம்முடையது மூன்று பேர் கொண்ட மோட்டார் சைக்கிள் பந்தயக் குழு. புலாவ் செபாங்கில் ரயில் பாதையை ஒட்டிய உன் பட்டறையில் எஞ்சினைக் கட்டியது நீ. ஓட்டியவன் சந்திரன், அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. சுற்றுக்குச் சுற்று நேரம் குறிப்பதும், படிவங்களை நிரப்புவதும் என் வேலை. மலாக்காவில் மசகெண்ணெய் விற்ற சீன முதலாளி, நம் தவுக்கே, எண்ணெயும் டயரும் கொடுத்து, முதுகில் தம் கடைப் பெயர் பொறித்த சட்டைகளும் தைத்துத் தந்தார். எழுத்து கோணலாக இருக்கிறது, திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன் நான்.

"நமக்குப் பின்னால வர்றவன்தான் அதைப் படிக்கப் போறான். அந்த வேகத்துல அவனுக்குக் கோணல் தெரியாது லா," என்றாய் நீ. சந்திரன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் சட்டையிலேயே கொட்டியது.

கண்ணேறு படக்கூடாதென்று எலுமிச்சையும் மிளகாயும் கோத்து வண்டியில் கட்டுவாய். முன்னால் எதுவும் தொங்கக்கூடாது என்று பந்தய அதிகாரிகள் ஒருமுறை கண்டித்ததால், எஞ்சினுக்கு அடியில் யார் கண்ணிலும் படாத இடத்தில் மெல்லிய கம்பியால் கட்டத் தொடங்கினாய். பந்தயத்தன்று பழத்தை மட்டும் உருவி, பட்டறைக்குத் திரும்பியதும் மறுபடி கோப்பாய். கம்பி அங்கேயே இருக்கும்.

அந்த ஆண்டு ஆயுத பூசை புதன்கிழமை வந்தது. அதற்கு முந்திய ஞாயிறன்றுதான் சந்திரன் முதலாவதாக வந்தான். வண்டி குளிரும் முன்பே எதிரணியான ஜொகூர்க் குழுவினர் புகார் கொடுத்தார்கள், நம் பிஸ்டன் அனுமதித்த அளவைவிடப் பெரியது என்று. இருட்டிவிட்டதால் அதிகாரிகள் எஞ்சினைத் திறக்கவில்லை. அடியில் ஒரு கம்பியைக் கோத்து, அதன் முனையில் ஈய முத்திரையை அழுத்தினார்கள். சனிக்கிழமை கொண்டு வாருங்கள், எல்லார் முன்னிலையிலும் திறப்போம், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றார்கள். முத்திரையின் எண்ணை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவன் நான்தான். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

புதன்கிழமை காலை நல்ல நேரம் ஒன்பது மணிக்கு முடிவதாக இருந்தது. பூ வாங்கப் போன நீ எட்டு ஐம்பது ஆகியும் திரும்பவில்லை. வாடிப்போன பழைய பழத்தை வைத்துக்கொண்டு பூசை செய்வதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தேன். எண்ணெய் படிந்து கறுத்திருந்த கம்பியை வெட்டினேன். அங்கே இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடந்தன. ஒரே வெட்டில் இரண்டும் விழுந்தன. கழுவிய தண்ணீரோடு பழமும் மிளகாயும் சாக்கடைக்குப் போயின. ஈயமும் போயிருக்க வேண்டும்.

நீ வந்து சந்தனம் பூசும்போதுதான் கவனித்தாய்.

"கிராணி, கீழ ஈயப் பொட்டு ஒண்ணு இருந்துச்சே, எங்க?"

"எனக்குத் தெரியாது. நான் பழத்தை மட்டும்தான் மாத்தினேன்."

குறடு இன்னும் என் கையில் இருந்தது. நீ அதைப் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். "சரி லா. சாம்பிராணி போடு, நேரமாச்சு," என்றாய்.

சனிக்கிழமை அதிகாரி வண்டிக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பாங், சீல் மானா?" என்று கேட்டார். அண்ணே, சீல் எங்கே என்ற அந்தச் சிறு கேள்விக்கு நான் பதில் சொல்லியிருந்தால் போதும். பதிவு பெற்ற நேரக்கணிப்பாளன் நான்; என் வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டு எஞ்சினைத் திறந்திருப்பார்கள். நீயோ, பூசைக்காகச் சுத்தம் செய்தபோது நீயே வெட்டிவிட்டதாகவும், பட்டறை உன்னுடையது, பொறுப்பும் உன்னுடையதே என்றும் சொன்னாய். அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எலுமிச்சம்பழக் கதையை யார் நம்புவார்? முத்திரை போனால் குற்றம் உறுதி என்பது விதி. எஞ்சினைத் திறக்கவே இல்லை. இரண்டு பருவங்களுக்கு நம் குழுவைத் தடை செய்தார்கள்.

நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் அகப்படவில்லை. பிழையே செய்யாதவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அவ்வளவுதான்.

தவுக்கே திங்கட்கிழமையே ஆள் அனுப்பித் தம் பெயர் ஒட்டிய தாள்களை வண்டியிலிருந்து உரித்தெடுக்கச் செய்தார். ஜொகூர்க் குழு சந்திரனை அழைத்தது. போகும் முன் பட்டறை வாசலில் நின்று அவன் கேட்டது உனக்கு நினைவிருக்கும்.

"அண்ணே, ஒரு வார்த்த சொல்லுங்க. பெரிய பிஸ்டன் போட்டீங்களா, இல்லியா? நீங்க இல்லன்னு சொன்னா நான் எங்கயும் போகல."

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "போடா. நல்ல வண்டி குடுக்குறானுங்க. போய் ஓட்டு," என்றாய்.

சாட்சியில்லாமல் நீ "இல்லை" என்று சொன்னால் அவன் அதைக் கட்டிக்கொண்டு இங்கேயே கிடந்து தன் நல்ல ஆண்டுகளைத் தொலைப்பான் என்று எண்ணினாய் போலும். நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். அவனோ, நீ ஏமாற்றியதால்தான் பதில் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டான். உன் இறுதிச் சடங்குக்குக்கூட அவன் வரவில்லை. அன்று அவன்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நீ ஒருமுறைகூட அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மறு ஆண்டு முதல் பூசையன்று பழம் மாற்ற நீ என்னை விடவில்லை. "குனிஞ்சா ஒனக்கு முதுகு வலிக்கும்," என்றாய். எனக்கு ஒருநாளும் முதுகு வலித்ததில்லை.

இதையெல்லாம் எண்ணிக்கொண்டே நேற்று ஒன்பதே காலுக்குக் காரை எடுத்தேன். சந்திரன் இப்போது மஸ்ஜித் தானாவில் டயர்க் கடை வைத்திருக்கிறான். போய்ச் சேர நாற்பத்தோரு நிமிடம் ஆயிற்று. தலை நரைத்திருந்தான். என்னைக் கண்டதும், "அங்கிள், இவ்ளோ தூரம் தனியாவா வந்தீங்க? டயர் ஏதும் வெடிச்சிருச்சா?" என்றான்.

நின்றபடியே சொன்னேன். முத்திரையை வெட்டியது நான். மறைத்ததும் நான். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துச் சொல்கிறேன்.

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நான் அண்ணனோட சாவுக்குக்கூட வரல அங்கிள்," என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அப்ப எஞ்சின் சரியாத்தான் இருந்துச்சா?"

என் குறிப்பேடுகளில் சந்திரன் ஓடிய ஒவ்வொரு சுற்றின் நேரமும் இருக்கிறது. பிஸ்டனின் அளவு மட்டும் இல்லை. நீ கட்டினாய், நான் அளக்கவில்லை. பிறகு எஞ்சினைப் பிரித்து விற்றுவிட்டாய்.

"சரியாக இருந்தது," என்றேன்.

"அளந்து பாத்தீங்களா?"

"இல்லை."

"அளக்காம நீங்க மணிகூடச் சொல்ல மாட்டீங்களே அங்கிள்," என்றான். சிரிக்க முயன்றான். அது முடியாமல் முகத்தைக் கடைக்குள் திருப்பிக்கொண்டான்.

அந்த எஞ்சினின் அளவு எனக்கு இன்றும் தெரியாது. தெரியாமலே உனக்காகச் சாட்சி சொல்லிவிட்டேன். இனி யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் கேட்கக்கூடியவன் அவன் ஒருவன்தான் மிச்சம். புறப்படும்போது உன் முதலாம் ஆண்டுத் திதி எப்போது வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வருவதாக அவன் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான்.