என் பெயர் ஒட்டிய குழாய்

17 ஜூன் 1998, புதன்
லிசா நர்ஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்து, கல்யாணமாகி முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் டீச்சர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே சின்ன பிரஷ், மூடி போட்ட குழாய், அதன் மேல் பெயர்ச்சீட்டு. என்னுடையதில் 'ஹம்சா'. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பதற்காம். "டாக்டர்கிட்ட போக வேணாம், வீட்லயே நீங்களே எடுத்துடலாம். ரெண்டே நிமிஷம் டீச்சர். திங்கக்கிழமை வாங்கிக்கறேன்." தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். யார் எடுப்பார்கள் இதை?

19 ஜூன், வெள்ளி
மூன்று தடவை குளியலறைக்குள் கொண்டுபோனேன். மூன்று தடவையும் அப்படியே வெளியே வந்தேன். எம்.எஸ்சி. படித்தவளாம், சே.

ஓர்ப்படி கண்ணில் படாமல் இந்த வீட்டில் எதைச் செய்ய முடியும்? ஜலஜா மன்னி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு நாற்பது முடிந்துவிட்டது. "இங்க குடு, நான் எடுத்துத் தரேன். குழாய்க்குத் தெரியப்போறதா, யாரோடதுன்னு?"

கொடுத்துவிட்டேன்.

22 ஜூன், திங்கள்
குழாய் லிசா நர்ஸிடம் போயாயிற்று. அப்பாடா.

13 ஜூலை, திங்கள்
லிசா நர்ஸ் தனியாகக் கூப்பிட்டார். "செல்லுல மாற்றம் தெரியுது, டீச்சர். பயப்படாதீங்க. வியாழக்கிழமை கண்டிப்பா டாக்டரைப் பார்க்கணும்." எனக்குத்தான் என்று லீவுக் கணக்கே போட ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அது நான் இல்லை. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். எழுதவே கூசுகிறது.

14 ஜூலை, செவ்வாய்
மாடியில் துணி உலர்த்தும்போது சொன்னேன். மன்னி பிழிவதை நிறுத்தவில்லை. "நீயே போயிட்டு வா. உனக்கு ஒண்ணுமில்லேன்னுடுவா. அத்தோட முடிஞ்சுடும்."

அப்படி என்ன பயம் மன்னிக்கு? விடாமல் கேட்டேன். கடைசியில் ஈரப் புடவையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மார்ச்சிலிருந்து நாள் கணக்கில்லாமல் ரத்தம் படுகிறதாம். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் ஒதுங்கி உட்கார வேண்டும். மாதம் முழுக்கவா உட்கார முடியும்? மாமியாரிடம் மறைத்துவிட்டு அடுக்களைக்குள் போயிருக்கிறாள்.

"ஏப்ரல்ல மாமனார் திவசத்துக்கு நான்தானேடீ சமைச்சேன். அன்னிக்கும் இருந்தது. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை ஆத்துல சேர்த்துப்பாளா?"

அப்படியானால் அன்று அவள் எனக்கு உதவி செய்யவில்லை. அந்தக் குழாய் அவளுக்கே வேண்டியிருந்தது.

15 ஜூலை, புதன்
காப்பியடித்த விடைத்தாளைக் கிழித்துப் போடுகிறவள் நான். நாளை ஹம்சா என்று பெயர் கொடுத்துப் பரிசோதனைக்குப் படுத்தால், எல்லாம் சரி என்று எழுதிவிடுவார்கள். மன்னி செத்துப்போவாள்.

நர்ஸிடம் உண்மையைச் சொன்னால் மன்னி ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டாள். பேச வேண்டாம். உயிரோடு இருக்கட்டும்.

16 ஜூலை, வியாழன்
"அது என்னுது இல்லை சிஸ்டர்." லிசா நர்ஸ் திட்டவில்லை. "யாரோடது?" என்றார். சொன்னேன். நாளைக்கே கூட்டி வரச் சொன்னார்.

மன்னி மாட்டேன் என்றாள். "நீங்க வரலேன்னா திவசத்து விஷயத்தை அம்மாகிட்ட நானே சொல்லிடுவேன்" என்றேன். மிரட்டல்தான். அவள் பார்த்த பார்வை இன்னும் எரிகிறது.

17 ஜூலை, வெள்ளி
வந்தாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

7 ஆகஸ்ட், வெள்ளி
புற்றுநோய்தான். மன்னிக்கு ஆபரேஷன் முடிந்தது. பரவுவதற்கு முன் பிடித்துவிட்டோம் என்றார் டாக்டர்.

காலையில் அதே டாக்டர் எத்தனை மாதமாக ரத்தம் படுகிறது என்று கேட்டபோது மாமியார் பக்கத்திலேயே நின்றார். மன்னி கண்ணை மூடிக்கொண்டு, "மார்ச்லேர்ந்து" என்றாள். மாமியாரின் கட்டைவிரல் மார்ச், ஏப்ரல் என்று விரல்கணுவில் நகர்ந்து, அங்கேயே நின்றது.

30 ஆகஸ்ட், ஞாயிறு
மன்னி வீடு திரும்பிப் பத்து நாள் ஆகிறது. என்னோடு பேச்சில்லை.

இன்று சாப்பிடும்போது மாமியார் யார் முகத்தையும் பார்க்காமல், "திவசத்தன்னிக்கு வடை நன்னா அமைஞ்சிருந்தது, ஜலஜா. அவருக்குப் பிடிச்ச பதம்" என்றார். மன்னி தட்டைப் பார்த்தபடியே அழுதாள்.

பிற்பகலில் என் அறைக்கு வந்தாள். லிசா நர்ஸ் எனக்குக் கொடுத்த புதுப் பொட்டலம் ஆறு வாரமாக மேசையில் கிடக்கிறது. எடுத்து என் கையில் திணித்தாள். "போ. நான் வாசல்ல நிக்கறேன்."

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் மன்னி குழாயை வாங்கி, பெயர்ச்சீட்டை ஒரு தடவை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீதானே எடுத்தே?"