தோட்டாவில் குறை இல்லை

லூயிஸ்டவுன், மொன்டானா
மார்ச் 1996

அன்புள்ள வெண்டலுக்கு,

உங்கள் அண்ணி வெர்னா எழுதுவது. நீங்களும் ரோசலியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே என்று எழுதக் கை வரவில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

இதைச் சலவைக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டு மெஷின் நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. முன்பானால் உங்கள் அண்ணன் ஆர்லன் அன்று மாலையே பிரித்துப் போட்டு, கிரீஸ் கையோடு என் துண்டைத் தொட்டு, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. போனில் பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது. உங்கள் அண்ணன் நாள் முழுக்கச் சமையலறையில்தான் இருக்கிறார்.

நீங்கள் அனுப்பிய, துப்பாக்கியை மாட்டிச் சுடும் இரும்புப் பிடி வந்து சேர்ந்தது. அதற்கு நன்றி சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒற்றைக் கையை நீட்டி நின்று கைத்துப்பாக்கியால் ஐம்பது கஜத்தில் சுடுவதில் இந்தப் பக்கத்தில் ஆர்லனை அடிக்க ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் அவரே சொல்லியிருப்பார். இலையுதிர் காலப் போட்டியில் அவருடைய இலக்கு அட்டையில் துளைகள் சிதறிக் கிடந்ததைப் பார்த்து நான் வேறு யாருடையதோ என்று நினைத்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே திட்டு. "புது டப்பா வெடிமருந்து வெர்னா. கம்பெனிக்காரன் எதையோ மாத்திட்டான். பழைய டப்பால இப்படி ஒரு தடவ வந்திருக்கா சொல்லு?" என்றார். நானும், ஆமாம், திருட்டுப் பயல்கள் என்றேன். எனக்கும் அப்படியே இருக்கவேண்டும் என்றுதான் இருந்தது.

அன்றிலிருந்து கராஜே கதி. தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்கிறவர் அல்லவா, காலிப் பித்தளைக் கூடுகளைத் திரும்பத் திரும்பக் கழுவினார். ஒவ்வொன்றிலும் போடும் வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டார். வாரக் கடைசியில் கிளப் மைதானத்துக்குப் போவோம். குண்டின் வேகத்தை அளக்கும் அந்தக் கருவியைத் துப்பாக்கிக்கு முன்னால் முக்காலியில் நிறுத்திவிட்டு அவர் சுடுவார். நான் மடக்கு நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, அதில் வரும் எண்ணைக் காற்றுக்கு மேலே கத்துவேன். எண்கள் தாறுமாறாகக் குதித்தால் தோட்டாவில் குறை. ஒட்டி ஒட்டி வந்தால் தோட்டா நல்ல தோட்டா. எண்கள் ஒட்டியே வந்தன.

யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவருக்குக் கோபம் வந்தது. "பேட்டரி போயிருச்சு, அதான் ஒரே மாதிரி காட்டுது," என்றார். புது பேட்டரி போட்டார். "மேகம் வந்து மறைக்குது," என்றார். மேகம் விலகியது. எண்கள் மாறவில்லை. அட்டையில் துளைகள் மட்டும் திசைக்கு ஒன்றாகக் கிடந்தன. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நாலைந்து எண்ணை மாற்றிக் கத்திவிடலாமா என்று எனக்கு வாய்வரை வந்தது. தோட்டா மோசம் என்று அவருக்கு ஒரு வாரமாவது நிம்மதி கிடைத்திருக்கும். ஆனால் இத்தனை வருஷமாக நான் கத்துகிற எண்ணை நம்பி எழுதிக்கொள்கிற மனுஷன். வந்ததை வந்தபடியே சொன்னேன்.

பிறகு வெடிமருந்தை விட்டுவிட்டு ஈயக் குண்டின்மேல் பழி போட்டார். அப்புறம் துப்பாக்கிக் குழல் தேய்ந்துவிட்டது என்றார். அந்தச் சமயத்தில்தான் உங்களுக்குப் போன் செய்து இரும்புப் பிடியைக் கேட்டார். "அதுல மாட்டிச் சுட்டா ஒரே நாள்ல தெரிஞ்சுரும், தோட்டாவா குழலான்னு," என்று என்னிடம் சொன்னார். மூன்றாவதாக ஒன்று இருப்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பனி கொஞ்சம் விட்ட ஒரு சனிக்கிழமை, கிளப்பின் சிமென்ட் மேசையில் அதை போல்ட் போட்டு இறுக்கினோம். போல்ட்டை இறுக்கியது கிளப் செயலாளர் ஹால்வர். ஆர்லன், "குளிர்ல விரல் மரத்துப்போச்சு, நீயே முறுக்குப்பா," என்று ஸ்பானரைக் கொடுத்துவிட்டார். துப்பாக்கியை இரும்பு பிடித்துக்கொண்டது. ஒரு நெம்புகோலை அழுத்தினால் விசை விழும். மனிதக் கை பட வேண்டியதே இல்லை.

பத்து சுற்று போனது. ஹால்வர் நடந்துபோய் அட்டையைக் கிழித்துக்கொண்டு ஓட்டமாக வந்தான். அத்தனை துளையும் ஒரு கோழிமுட்டைக்கு அடியில் மறைந்துவிடும், வெண்டல். "யோவ் கிழவா! கடைத் தோட்டா பிச்ச வாங்கணும் இதுகிட்ட. இத வெச்சுக்கிட்டா இத்தன நாளா மூக்கால அழுத?" என்று அவர் முதுகில் அறைந்து, எல்லோருக்கும் அட்டையைக் காட்டினான். ஆர்லன் சிரித்தார். எல்லோரிடமும் கை கொடுத்தார், இடது கையால்.

வண்டிக்கு வந்ததும் சாவியை என்னிடம் நீட்டினார். இதற்குமுன் என்னை வண்டி ஓட்டவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவே இல்லை. பாதி வழியில், "அப்பாவுக்கும் மொதல்ல ஸ்பூன்தான் கீழ விழுந்துச்சு," என்றார். நான் ஓரமாக நிறுத்தி அழுதேன். அவர் ஜன்னல் வழியே கோதுமைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பில்லிங்ஸில் பெரிய டாக்டரிடம் போனோம். ஊசி குத்திக் குத்திப் பார்த்தார்கள். தசையை ஆட்டுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றனவாம். வலது கையில் ஆரம்பித்திருக்கிறது, மற்ற இடங்களுக்கும் போகும், நிறுத்த வழி இல்லை என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்றும் கேட்டார். ஆர்லன் உங்கள் அப்பாவைச் சொன்னார். மற்றதை நீங்கள் வரும்போது நேரில் பேசிக்கொள்வோம்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். தோட்டா நிரப்பும் பிரஸ்ஸை ஹால்வருக்குக் கொடுத்துவிட்டார். வேகக் கருவி கிளப்புக்குப் போயிற்று. வெடிமருந்து டப்பாக்களைப் பக்கத்துப் பண்ணைக்காரர் எடுத்துக்கொண்டார். கராஜைப் பெருக்கித் துடைத்தாகிவிட்டது. அந்தத் துப்பாக்கியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. படுக்கையறை இழுப்பறையில் இருக்கிறது.

உங்கள் அப்பாவுக்குக் களஞ்சியத்தில் துப்பாக்கி துடைக்கும்போது கை தவறி வெடித்துவிட்டது என்றுதான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து காபி குடிக்கும்போது ஆர்லன், "அவரு கை தவறல வெர்னா. கைல தெம்பு இருக்கறப்பவே பண்ணிட்டாரு," என்றார். வானிலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். நீங்களும் அதைச் செய்யப் போகிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன். "பயப்படாத," என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் துப்பாக்கியை எடுத்து மாவு டின்னுக்குள் ஒளித்துவைத்தேன். கண்டுபிடித்தும் அவர் கோபப்படவே இல்லை. "அத எடுத்த இடத்துல வெச்சிரும்மா. கடைசியில நீ எனக்கு ஜெயிலராவா ஆகணும்?" என்றார். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு மறுக்க என்னால் முடியவில்லை. நானே கொண்டுபோய் வைத்தேன். அன்றிலிருந்து கடைக்குக்கூட ஓடிப்போய் ஓடிவருகிறேன். இன்றைக்கு அவரோடு சீட்டாட வரும்படி ஹால்வரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டுதான் இங்கே வந்திருக்கிறேன். அவனிடம் காரணம் சொல்லவில்லை.

வெண்டல், நீங்கள் வர வேண்டும். இரும்புப் பிடியை எடுத்துப்போக வந்தேன் என்று சொல்லுங்கள். உங்கள் தோட்டா உங்கள் துப்பாக்கிக்குச் சரிப்படவில்லை, அண்ணன் துப்பாக்கியில் போட்டுச் சோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் கேட்டு அவர் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. இழுப்பறையைத் தானே திறந்து கொடுப்பார் என்று நம்புகிறேன். அதைவிட்டால் எனக்கு நம்ப வேறொன்றும் இல்லை.

அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அவருக்கு என்ன மிச்சம், அப்பாவைப் போல அவரும் பெரிய பாடு படாமல் போகட்டுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கே சில சமயம் தோன்றுகிறது. வரப்போவது நல்லதாக இருக்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவருக்கு ஊட்டிவிட வேண்டும், தூக்கி உட்கார வைக்க வேண்டும், பிறகு பேச்சும் போகுமாம். எல்லாம் போகட்டும். நான் செய்கிறேன். அவர் வீட்டில் இருந்தால் போதும்.

ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டாம். கடிதம் கிடைத்த அன்றே கிளம்புங்கள். போன் செய்யாதீர்கள், அவர்தான் எடுப்பார். ரோசலிக்கும் பையன்களுக்கும் என் அன்பு. ஒவ்வொரு ராத்திரியும் ஜெபத்தில் உங்கள் பெயரையும் பையன்கள் பெயரையும் தனித்தனியாகச் சொல்கிறேன். உங்கள் எல்லோருடைய கைகளையும் ஆண்டவர் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும் அண்ணி,
வெர்னா