கல்யாண மகாலில் அடைபட்ட அம்மா

அனுப்புநர்:
சாகிரா பீவி,
க/பெ. ஜகபர் அலி,
பீரங்கி மேடு, செஞ்சி,
செஞ்சி தாலுகா.

பெறுநர்:
உயர்திரு ஜில்லா கலெக்டர் அவர்கள்,
தென்னாற்காடு ஜில்லா,
கடலூர்.

பொருள்: சிறுபிள்ளைகளுக்கென்று காட்டப்படும் பேய்க்கதைப் பொம்மைப் படங்களில் பிள்ளைகளின் சொந்தப் பெயரையும் தெருவையும் சொல்லிப் பயமுறுத்துவதைத் தடுக்கவும், என் மகள் ரஹமத்துக்கு (வயது 7) நேர்ந்த தீங்குக்குப் பரிகாரம் செய்யவும் கோருதல்.

மதிப்பிற்குரிய அய்யா,

இந்த மனுவை முதலில் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுபவரிடம் சொல்லி எழுதச் சொன்னேன். அவர் ஏழு வரியில் முடித்து, கையெழுத்துப் போடும்படி நீட்டினார். அதில் வேன் இருந்தது, வேன்காரர் பெயர் இருந்தது, தேதி இருந்தது. என் மகள் இல்லை. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆகவே நானே எழுதுகிறேன். நீளத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. என் கணவர் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை ஏற்றும் லாரியில் டிரைவர். வாரத்தில் நாலைந்து நாள் சென்னைப் பக்கம் போய்விடுவார். வீட்டில் நானும் எங்கள் ஒரே மகள் ரஹமத்தும்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். இருட்டில் கொல்லைக்குத் தனியாகப் போய்வருகிறவள், தேளை விளக்குமாற்றால் அடித்தவள். இயல்பிலேயே பயந்த பிள்ளை, படத்தின் மேல் பழி போடுகிறார்கள் என்று விசாரணையில் யாரும் எழுதிவிடக் கூடாதென்றுதான் இதைத் தெரிவிக்கிறேன்.

2. கடந்த ஜூலை மாதம் 9-ந் தேதி முதல் நான்கு சனிக்கிழமைகள், சுந்தரமூர்த்தி என்பவர் ஒரு வேனில் சினிமா மிஷின் கொண்டுவந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள காலி மல்லாட்டைக் கிடங்கில் பிற்பகல் மூன்று மணிக்குப் படம் காட்டினார். மனிதர்கள் நடித்த படம் அல்ல. வரைந்த உருவங்கள் அசையும் பொம்மைப் படம். வாரத்துக்கு ஒரு கதை. ஜன்னல்களைச் சாக்குப் போட்டு மூடிவிடுவார். பெரியவர்களை உள்ளே விடுவதில்லை. நான் கேட்டதற்கு, "பெரியவங்க உள்ள வந்தா பசங்க மனசு விட்டு சிரிக்க மாட்டாங்கம்மா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். வெளியே காத்திருந்த எங்களுக்கு உள்ளேயிருந்து கூச்சல் கேட்கும். சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

3. உள்ளே காட்டியது என்ன என்பதை, பள்ளி ஆசிரியை ராஜாம்பாள் அவர்கள் பிற்பாடு பிள்ளைகளைத் தனித்தனியே கேட்டு எழுதி வைத்திருக்கிறார். படம் தொடங்கியதும் சாவிக்கொத்தோடு ஒரு வத்தல் கிழவன் வருவானாம். வாரம் ஒரு சாவியால் ஒரு கதவைத் திறப்பானாம். முதல் வாரம், நிற்கவே நிற்காத ஒரு பஸ். அடுத்த வாரம், தூங்குகிற பிள்ளையின் தலைமுடியைப் பிடுங்கித் தனக்கு வைத்துக்கொள்ளும் பொம்மை. மூன்றாவது வாரம், கூப்பிட்டால் பதில் சொல்லும் கிணறு. படம் வெளிநாட்டுப் படம். பேச்சு யாருக்கும் விளங்காது. அதனால் சுந்தரமூர்த்தி அவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் கதை சொல்வார். அந்தத் தமிழில்தான் விஷம் இருந்தது. பஸ் மேல்மலையனூர் பஸ் ஆனது. கிணறு செட்டிகுளத்துப் பக்கத்துக் கிணறு ஆனது. அது மட்டுமல்ல. பிள்ளைகள் தங்கள் பெயரையும் தெருவையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட வேண்டும். அவர் ஒரு சீட்டை எடுப்பார். அன்றைய கதையில் வரும் பிள்ளைக்கு அந்தப் பெயர்.

4. பிள்ளைகள் அதைப் பரிசு போல எண்ணி ஏங்கினார்கள். மூன்று வாரம் தன் பெயர் வரவில்லை என்று ரஹமத் அழுதாள். தன் எழுத்து கோணலாக இருப்பதால்தான் எடுக்கவில்லை என்று சொன்னாள். ஜூலை 30-ந் தேதி காலையில், நான் அடுப்பு வேலையை விட்டு வந்து, நல்ல மையில், நல்ல எழுத்தில், அவள் பெயரையும் தெருவையும் எழுதிக் கொடுத்தேன். அம்மா பெயரையும் எழுதச் சொன்னாள். எழுதினேன். இதை மறைத்து நான் மனுக் கொடுக்க முடியாது. அந்தச் சீட்டைத்தான் அவர் எடுத்தார்.

5. அன்றைய கதை பின்வருமாறு. ஒரு சிறுமியின் தாய் கடைக்குப் போகிறாள். திரும்பி வருகிறவள் அதே முகம், அதே புடவை, அதே குரல். ஆனால் அவள் தாய் அல்ல. உண்மையான தாயைப் பிடித்து அடைத்துவிட்டு அவள் உருவத்தில் வந்த வேறொன்று. சுந்தரமூர்த்தி அவர்கள் மைக்கில் சொன்னதை மூன்று பிள்ளைகள் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: "பீரங்கி மேட்டு ரஹமத்து! உங்கம்மா சாகிரா மாதிரியே இருப்பா, சோறு போடுவா, தல வாருவா. ஆனா ஒரே ஒரு அடையாளம் எடம் மாறி இருக்கும். பாத்துக்கோ. நெஜ அம்மா எங்க தெரியுமா? நம்ம கோட்டை கல்யாண மகால்ல, மேல் மாடியில, வாயக் கட்டிப் போட்டிருக்கு."

அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. பிலிம் அறுந்துவிட்டது என்றும், மீதி அடுத்த சனிக்கிழமை என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை வேன் வரவில்லை.

6. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். விளையாட்டு என்று எண்ணினேன். எனக்குக் காலில் சூடு பட்ட தழும்பு உண்டு, அதைத் தொட்டுப் பார்த்தாள். அவள் பிறந்தது எந்தக் கிழமை என்று கேட்டாள். சொன்னதும் சிரித்துக்கொண்டு மடியில் படுத்தாள். நாலு நாள் இப்படி என்னைச் சோதித்தாள், நானும் சோதனையில் தேறினேன். வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதென்று, பீரோக் கண்ணாடி முன்னால் அவளை உட்காரவைத்துப் பின்னல் போட்டேன். எனக்கு வலக் கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று விறைத்துப்போனாள். கையில் இருந்த பின்னல் வழியாகவே அவள் உடம்பு நடுங்குவது எனக்குத் தெரிந்தது. என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லங்க" என்றாள். என் மகள் என்னை அதுவரை "ங்க" போட்டுப் பேசியதில்லை.

கண்ணாடியில் வலம் இடமாகத் தெரியும் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மச்சம் இடம் மாறியிருந்ததைத் தான் பார்த்ததாக அவள் தன் தந்தையிடம் சொன்ன பிறகே எனக்கும் விஷயம் விளங்கியது. அது நடந்தது, எல்லாம் கைமீறிப்போன பிறகு.

7. அன்று முதல் நான் போட்ட சோற்றை அவள் தின்னவில்லை. எனக்குத் தெரியாமல் நாய்க்கு வைத்தாள். ராத்திரி விழித்துப் பார்த்தால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கிட்டே போனால் மிகவும் பணிவாக, "தூங்கறேங்க, தூங்கறேங்க" என்பாள். அய்யா, சொந்தப் பிள்ளை தன்னை அப்படிப் பார்ப்பதைக் கண்ட தாய் யாராவது இருந்தால் மேற்கொண்டு எழுதத் தேவையில்லை. ஓதிப் பார்த்தேன், ஆஸ்பத்திரியிலும் காட்டினேன். காய்ச்சல் இல்லை என்றார்கள்.

8. ஆகஸ்ட் 10-ந் தேதி புதன்கிழமை, பகல் இடைவேளைக்குப் பிறகு ரஹமத் வகுப்புக்குத் திரும்பவில்லை என்று ராஜாம்பாள் ஆசிரியை ஆள் அனுப்பினார். கோட்டைக்குள் கல்யாண மகால் பக்கம் போனதாக ஒரு பையன் சொன்னான். நான் செருப்பில்லாமல் ஓடினேன். கல்யாண மகால் தங்களுக்குத் தெரிந்திருக்கும். மாடி மேல் மாடி, குறுகல் படி, ஒவ்வொரு மாடியிலும் நாலு பக்கமும் திறந்த வளைவுகள். நான் மூன்றாவது மாடியில் ஏறிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து அவள் குரல் கேட்டது. "அம்மா, நான் வந்துட்டேம்மா, எங்கம்மா இருக்க?" என்று சுவர் சுவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் "இதோ இருக்கேன்டி தங்கம்" என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். நான் செய்த இரண்டாவது தவறு அது. என்னைக் கண்டதும் பின்வாங்கிப் போய் வளைவின் விளிம்பில் நின்றாள். அவளுக்குப் பின்னால் வெறும் காற்று. "வராத! கிட்ட வராத! எங்கம்மாவ இன்னா பண்ண? எங்க வச்சிருக்க?" என்று கத்தினாள். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அவள் குதிகால் விளிம்புக்கு வெளியே போனது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் எவ்வளவு நெருங்குகிறேனோ அவ்வளவு அவள் சாவுக்குக் கிட்டே போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. பிள்ளையை விளிம்பில் விட்டுவிட்டு, முதுகு காட்டாமல், உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தேன். எத்தனை படி என்று தெரியாது. விழுகிற சத்தம் கேட்கிறதா என்று காதை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

9. கீழே கோட்டைக் காவலர் தாண்டவராயன் அவர்கள் வந்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டு என்னைப் பக்கத்தில் உள்ள பழைய குதிரை லாயத்துக்குள் மறைந்து நிற்கச் சொன்னார். அவர் மேலே போய் அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "பாப்பா, அந்தப் பொம்பளய நான் தொரத்திட்டேன். இனிமே வர மாட்டா. நீ கையக் குடு, எறங்கலாம்." அவள் கையைக் கொடுத்தாள். அவர் தோளில் தலை வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் சொன்ன பொய்தான் என் மகளின் உயிரைக் காப்பாற்றியது. அவரை நான் குறை கூறவில்லை. அவருக்குத் தாங்கள் ஒரு பாராட்டு எழுதினால் மகிழ்வேன். ஆனால் அந்தப் பொய்யால் கதை அவளுக்கு முற்றிலும் மெய்யாகிவிட்டது.

10. இப்போது ரஹமத் வல்லத்தில் என் கணவரின் அக்காள் பக்ருன்னிசா வீட்டில் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நான் இரண்டு முறை போய் எதிர்வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தன் அம்மா எப்படி எண்ணெய் தேய்த்துவிடுவாள், எந்தப் பாட்டுப் பாடுவாள் என்று அங்குள்ள பிள்ளைகளிடம் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்மேல் அவளுக்குப் பிரியம் குறையவே இல்லை, அய்யா. என்னைப் பார்த்தால்தான் பயம். தினமும் அல்லாவிடம் துஆ கேட்கும்போது அம்மாவை விட்டுவிடச் சொல்லிக் கேட்கிறாளாம். நானும் சில நாள் காலையில் மச்சம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இது மனுவில் எழுதத் தக்கதல்ல என்று அறிவேன்.

11. உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் ஒருவரிடம் புகார் சொன்னேன். "கதை சொன்னதுக்கு எந்த செக்சன்லம்மா கேஸ் போடறது?" என்று வருத்தத்தோடு கேட்டார். அவரிடமும் நியாயம் உண்டு. என் கணவர் லாரியில் தேடித் திரிந்து, திண்டிவனத்தில் சுந்தரமூர்த்தி அவர்களைக் கண்டுபிடித்தார். படத்தின் மீதியை எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஒருமுறை காட்டும்படி கெஞ்சினார். உண்மையான தாய் வெளியே வருவதைப் பார்த்தால் தெளிந்துவிடுவாள் என்பது எங்கள் நம்பிக்கை. அதற்கு அவர் தலை குனிந்துகொண்டு சொன்னாராம்: "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது பாய். உண்மையச் சொல்லிடறேன். அந்தச் சுருள் பழசா வாங்கினது. அவ்ளோதான் இருக்குது. முடிவு இன்னான்னு எனக்கே தெரியாது. ஒவ்வொரு ஊர்லயும் அறுந்துட்ட மாதிரிதான் நிறுத்தறேன்."

இப்படி இந்த ஜில்லாவில் எத்தனை ஊரில், எத்தனை வீட்டில், பிள்ளைகள் தாயைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வரும் 14-ந் தேதி ஆவணி அமாவாசைக்கு மேல்மலையனூரில் படம் காட்டப்போவதாக பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அந்தக் கோயில் கூட்டத்தில் தாய் கையை விட்டுப் பிரிகிற பிள்ளைகள் ஏராளம்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, மேற்படி அமாவாசைக்கு முன்பாக அந்தச் சுருளைக் காட்டாதபடி தடுக்க வேண்டும். பிள்ளைகளின் பெயரையும் வீட்டையும் எந்தக் கதையிலும் சொல்லக் கூடாதென்றும், பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் பெற்றவர்களும் இருக்க வேண்டுமென்றும் உத்தரவிட வேண்டும். சுந்தரமூர்த்தி அவர்களுக்குத் தண்டனை கோரவில்லை. அவர் அதே வேனோடு வல்லம் வந்து, அதே மைக்கில், அதே குரலில், பீரங்கி மேட்டு ரஹமத்தின் தாய் விடுதலையாகி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கதையை முடித்துச் சொல்ல வேண்டும். படம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். தங்கள் உத்தரவு இருந்தால் அவர் வருவார்.

விசாரணைக்கு வல்லம் செல்லும் அதிகாரி என் மகளிடம் அன்பாகப் பேச வேண்டும். தம்மை அனுப்பியது யார் என்று அவள் கேட்டால், என் பெயரை மட்டும் சொல்லாதிருக்கும்படி தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இடம்: செஞ்சி
நாள்: 5-9-1966

இப்படிக்கு,
சாகிரா பீவி,
ரஹமத்தைப் பெற்ற தாய்.