மூடச் சொன்னவன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று என் பங்குதாரன் ரியாசை முகத்துக்கு நேரே துரோகி என்றேன். இணையத்தில் ஓடர் எடுத்து, படமும் கேமும் டிஸ்க்கில் வாடகைக்கு அனுப்பும் எங்கள் சின்னக் கம்பனியை மூடச் சொல்கிறான். கட்டாரில் உழைத்ததைக் கொண்டுவந்து முதலாகப் போட்ட திமிர்.

"போனில படம் பாக்கிற ஆக்கள் நம்மட டிஸ்க்குக்கு ஏன் காத்துக்கிட்டு இரிக்கணும், மச்சான்?" என்றான்.

"அவ்வளவு தூரத்து வாகரைக்கே பஸ் கொண்டக்டரிட்ட டிஸ்க்கைக் குடுத்து அனுப்புறம். வேற ஆரு செய்யிற?" என்று மேசையில் அடித்தேன். மற்ற மூன்று பங்குதாரர்களும் என் பக்கம்.

அவன் வாயை அடைக்க, ஓடர்களைக் கவனிக்கும் சுதாவிடம் வாடிக்கையாளர் பட்டியலைக் காட்டச் சொன்னேன். முதலில் பங்குதாரர் ஐவரின் இலவசக் கணக்கு. இந்த வருடம் நாங்கள் நால்வரும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. ரியாஸ் மட்டும் தன் ஊரான ஓட்டமாவடியில் பஸ்சை மறித்து வாரம் தவறாமல் டிஸ்க் வாங்கியிருக்கிறான்.

"டிஸ்க்கில விருப்பம் இல்லாமலா மூடச் சொல்றன்?" என்றான். நான் எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் அவனைத் திட்டியபடியே சோறு தின்றேன். முன்னால் போனில் படம் ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் படம் முடிந்த பிறகுதான் உறைத்தது.