சாதாளை போட்ட பாத்தி

அன்புள்ள அப்பாவுக்கு,

பல்கலைக்கழக வளாகத் தோட்டத்தில் எனக்கும் தர்சிகாவுக்கும் ஒரு பாத்தி தந்திருக்கிறார்கள். அவள் இணுவில் கமக்காரர் வீட்டுப் பிள்ளை, தோட்டவேலை தெரிந்தவள். மண் வளப்பட, பசளைக்குச் சாதாளை போடுவோம் என்றேன். முன்பு வலையில் சிக்கும்போதெல்லாம் நீங்கள் திட்டித் திட்டிப் பிடுங்கி எறிந்த அதே கடற்பாசிதான். அம்மா கரையில் அள்ளி பஸ்ஸில் அனுப்பினா.

"உப்புப் போகக் கழுவாட்டி வெண்டிக் கண்டெல்லாம் செத்துப்போமடி" என்றாள் தர்சிகா. கிணற்றடியில் அலசி அலசிக் கை வெளுத்துவிட்டது. பிறகு உக்கவிட்டு மண்ணில் கலந்தோம்.

இன்று காலை வெண்டி பூத்திருக்கிறது அப்பா! வெளிர் மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. நான் ஊன்றிய விதை. தொடப் பயமாக இருந்தது. கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். தர்சிகா சிரிக்கவில்லை. அவளும் கழற்றினாள்.

"கடல் எடுத்தால் எடுத்ததுதான், ஒண்டும் திருப்பித் தராது" என்று, அண்ணை திரும்பி வராத அன்றைக்குச் சொன்னீர்கள். அதன்பிறகு நீங்கள் கரைப்பக்கமே போகவில்லை. நான் அதைப் பற்றி எழுதவில்லை. முதல் காயை அண்ணையின் படத்துக்கு முன்னால் வைக்கக் கொண்டுவருவேன், அவ்வளவுதான்.

அடுத்த பாத்திக்குச் சாதாளை காணாது. இன்னும் ஒரு சாக்கு வேண்டும். இந்தமுறை அம்மாவை அனுப்பாதீர்கள், அப்பா. நீங்களே போய் அள்ளுங்கள்.

உங்கள் மகள்