பதினோராவது படம்

தை 21, செவ்வாய்

விடிய நல்ல பனி. வயலுக்குப் போகவில்லை. மனைவி ம.வோடு கிளிநொச்சி ஆசுப்பத்திரி. பேச்சுப் பயிற்சி, மூன்றாம் தடவை.

பயிற்சி கொடுக்கிற பிள்ளை நிலானி. படத்தைக் காட்டி, என்னவென்று கேட்கும். போன முறை காட்டியதில் பாதி நானே காணாத பழங்கள். இந்த முறை எங்கள் வீட்டுச் சாமான்களைப் போனில் எடுத்துக்கொண்டு போனேன்.

சுளகு, சரி. குடம், சரி. திருவலைக்கு, "தேங்காய்... அதில இருந்து... அது," என்று கையால் திருவிக் காட்டினாள். சொல் வரவில்லை. நான் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

"ஐயா, நீங்கள் சொல்லக்கூடாது. மனசுக்குள்ள பத்து எண்ணுங்கோ. பிறகு அதை எங்க வைக்கிறது, என்னத்துக்கு எண்டு கேளுங்கோ. ஒண்டுக்கும் வராட்டித்தான் முதல் எழுத்து."

பத்து இவ்வளவு நீளமென்று இன்றுதான் தெரிந்தது.

பதினோராவது படம் நான். மகளின் கலியாணவீட்டில் எடுத்தது, சால்வையோடு.

"இவர் ஆர் அம்மா?"

"இவர் எங்கட இவர்."

"பேர்?"

ம. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிள்ளை தாளில் பிழையென்று புள்ளடி போட்டது.

கலியாணம் கட்டி முப்பத்தாறு வருசம், ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை என்றேன். கோயில் அருச்சனைக்கும் நட்சத்திரத்தோடு சரி. பெயர் ஐயருக்கே தெரியும்.

"அப்ப மறந்திட்டாவோ, சொல்லாமல் இருக்கிறாவோ?"

எனக்கெப்படித் தெரியும்?

"இது மெல்ல மெல்லக் கூடுற, சொல் மறக்கிற வருத்தம் ஐயா. இருக்கிற சொல்லைக் கொஞ்ச நாளைக்கெண்டாலும் பிடிச்சு வச்சிருக்கத்தான் இந்தப் பயிற்சி. அம்மா எங்கையும் தவறிப்போனால், ஊரும் உங்கட பேரும் வாயில வரவேணும்."

தை 22, புதன்

வெயில். செய்ய வேண்டியவை: வரம்பு பார்க்க. மயில் கலைக்க. அறுவடை மெசின்காரனுக்குப் போன். ம.வுக்கு இருபது சொல், காலை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா.

திருவலைப் படம்.

"எங்க வைக்கிறனீர்?"

"குசினி மூலையில."

"என்னத்துக்கு?"

"தேங்காய்க்கு."

எண்ணினேன். ஏழில் வந்தது. எனக்கு நெல்லுக்கு நல்ல விலை கிடைத்த மாதிரி.

பிறகு என் படம். "வீட்டில நீரும் நானும்தானே. ஒருக்காச் சொல்லுமன்."

"உங்களுக்கென்ன விசரே?"

இதைச் சொல்ல மட்டும் சொல் தேடவில்லை.

தை 24, வெள்ளி

தூறல். கதிர் முற்றின நேரத்தில் இது தேவையா? கோயிலுக்குப் போகவில்லை.

எங்கள் ஊர்ப் பெயர் "விசுவமடு" வரவில்லை. முதல் எழுத்தும் சொல்லிப் பார்த்தேன். "எங்கட... றோட்டு... பஸ் நிக்கிற..." என்றாள். என் படத்துக்கு அதே சிரிப்பு. வெட்கமா மறதியா, அறிய வழியில்லை. கோபத்தில் போனை மேசையில் அடித்துவிட்டேன். ம. எழும்பிப் போய், மழைக்குள் முற்றம் கூட்டினாள். என்னை நினைக்க எனக்கே வெட்கம்.

அவள் வாயால் என் பெயரைக் கேட்க வேண்டுமென்று இத்தனை வருசமும் தோன்றியதில்லை. இப்போது தோன்றுகிறது. மறந்துவிட்டாளென்றால் கேட்காமலே போய்விடும். நான் மட்டும் திறமா? கூப்பிடுவது "இஞ்சரும்". இந்தக் கொப்பியிலும் ம.

தை 28, செவ்வாய்

பயிற்சி முடிய பஸ் ஸ்ராண்ட். ம.வை வாங்கில் இருத்திவிட்டு மருந்துக் கடைக்குப் போனேன். திரும்பி வர வாங்கில் ஆளில்லை. எங்கள் ஊரால் போகிற முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினதைக் கண்டதாகக் கச்சான்கடலை விற்கிறவள் சொன்னாள். அது போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் நின்றபடி, ஒவ்வொரு தரிப்பிடத்திலும் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். விசுவமடுவில் இல்லை. வீட்டிலும் இல்லை. ஏன் தனியே விட்டேன்? றோட்டுப் படலையில் நின்றேன்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு, புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வந்த பஸ் படலையடியில் நின்றது. கொண்டக்டர் ம.வைக் கைபிடித்து இறக்கினார்.

"நடராசா ஐயா நீங்களோ?"

"ஓம்."

"அம்மா இறங்காமல் புதுக்குடியிருப்பு மட்டும் வந்திட்டா. அந்த பஸ் கொண்டக்டர் ஊர் கேட்க வாயில வரேல்லையாம். புருசன்ர பேரென்னெண்டு கேட்க, சின்னத்தம்பி நடராசா எண்டு டக்கெண்டு சொன்னவாவாம். அந்த பஸ்ஸில உங்களைத் தெரிஞ்ச ஒராள் இருந்து, எங்களோட ஏத்திவிட்டவர்."

பஸ் போய்விட்டது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

"மலர், என்ர பேர் சொன்னனீராம். எனக்கும் ஒருக்காச் சொல்லும்."

சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது. பத்து எண்ணினேன். இருபதும் எண்ணினேன்.

"போங்கோ அங்கால."

நாளைக்கு நிலானிக்குப் போன் எடுத்து, பதினோராவது படத்தின் புள்ளடியை வெட்டிச் சரி போடச் சொல்ல வேண்டும். பஸ் நிறையச் சனமாம். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், என்னைத் தவிர.