கல்யாண பேனரில் கறுப்பு வெள்ளை

ராஜபாளையம்,
வெள்ளிக்கிழமை.

தம்பி லிங்கேஸ்வரனுக்கு அண்ணி அனுசியா எழுதிக்கொள்வது. பெங்களூரில் நீ சுகமாகத்தான் இருப்பாய். இங்கே யாரும் சுகமில்லை. பத்து நாளாகப் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம்.

உன் அண்ணனுக்கு வலது கையில் மூன்று இடத்தில் முறிவு. மதுரையில் ஆபரேஷன் செய்து தகடு வைத்திருக்கிறார்கள். இரண்டு விரல் மடங்கவில்லை. மவுஸ் பிடிக்கிற கை.

அந்தச் சோழபுரத்துக்காரர்களின் கல்யாண பேனரை நீதான் செய்தாய். பொண்ணு மாப்பிள்ளையை மட்டும் கலரில் விட்டு, பெரியவர்களை எல்லாம் கறுப்பு வெள்ளையில் போட்டாய். டிசைன் காலேஜில் அதுதான் அழகு என்று சொல்லியிருப்பார்கள். உயிரோடு இருக்கிறவர்களை நம் ஊரில் அப்படிப் போட்டால் கண்ணீர் அஞ்சலி என்று எந்த வாத்தியார் சொல்லுவார்? பத்தாவது தேறாமல், கம்ப்யூட்டரைத் தானே தட்டித் தட்டிப் படித்த உன் அண்ணனுக்குத் தெரியும். ஆனால், படிச்ச புள்ள செஞ்சத நான் என்னத்தப் பாக்க என்று, பார்க்காமலே பிரிண்ட் போட்டார்.

பெண்ணின் பெரியப்பா சமுத்திரத்துக்கு அப்போதுதான் இதய ஆபரேஷன் முடிந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டப வாசலில் ஒரு கிழவி பேனரில் அவர் படத்தைப் பார்த்து, சமுத்திரம் போயிட்டாரே என்று மாரில் அடித்து அழுதிருக்கிறாள். காரிலிருந்து இறங்கிய மனுஷன் அதைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

அவர் மகன்கள் நாலு பேர் இரும்புக் கம்பியோடு நம் கடைக்கு வந்தார்கள். கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் நொறுங்கியது. எங்கப்பன உசுரோட கொன்னவன் யாருலே என்று ஒருவன் கத்தினான். நீ பின்கதவைத் திறந்து ஓடினதை நான் பார்த்தேன். உன் அண்ணனும் பார்த்தார். பார்த்த பொறவுதான், நாந்தான் செஞ்சேன், என்னைய அடிங்க என்றார். கையை மேசைமேல் இழுத்து வைத்து அடித்தார்கள். எலும்பு உடைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காலைப் பிடித்துக் கதறிய என்னையும் மிதித்தார்கள்.

சமுத்திரம் பிழைத்துக்கொண்டார். போலீசிடமும் உன் அண்ணன் உன் பெயரைச் சொல்லவில்லை. நாசமாய்ப் போவாய் என்று உன்னைத் திட்ட எனக்கு வாய்வரை வந்தது.

நேற்று உன் அண்ணன் அந்த பேனரைப் போனில் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். செத்த நேரம் பார்த்துவிட்டு, ஏட்டி, அந்தப் பெரியவர் மூஞ்சி எம்புட்டு உசுரோட இருக்கு பாரு, எனக்கு இப்படி வராது என்றார். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

திங்கட்கிழமை கடை திறக்கிறோம். மேசைக்கு இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார். ஒன்று அவருக்கு, பக்கத்திலிருந்து சொல்ல. இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பின்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். முன்வாசல் வழியாக வா.

நல்லா இரு என்று எழுத என் கை வரவில்லை. நேரில் வந்து வாங்கிக்கொள்.

உன் அண்ணி,
அனுசியா